மாத்திரை மேடமும் இரண்டாவது பிரேக்கும்

பண்ருட்டி பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா பஸ்ஸின் பக்கத் தகரத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டே கூட ஓடிவந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி நின்றது.

"பெரியவரே, அந்தப் பையக் குடுங்க."

பெரியவர் பயந்துபோய் மருந்துப் பையை ஜன்னல் வழியாக நீட்டினார். அந்த அம்மா மாத்திரை அட்டையை எடுத்து முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கம் படித்தார். மறுபடியும் முன்பக்கம். பிறகு டாக்டர் சீட்டோடு வைத்துப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. போயிட்டு வாங்க."

"சரியா இருக்குதுன்னு சொல்றதுக்கா இம்மாந்தூரம் ஓடியாந்த?"

"எதுக்கும் ஒரு தடவ பாத்துடலாம்னு."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "இனிமே மெடிக்கல் வாசல்லயே நிறுத்தறேன் மேடம். நீங்க பாத்து முடிச்சதும் விசில் குடுக்கறேன்" என்றார். அவர் கிண்டலாகச் சொன்னார். அந்த அம்மா நிஜமென்று நினைத்து நன்றி சொன்னார்.

எங்கள் தெரு அவருக்கு வைத்த பேர் மாத்திரை மேடம். சொந்தப் பேர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால், பேரைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்க எங்கிருந்தாலும் ஓடிவந்துவிடுவார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கலில் அவர் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். பக்கத்துப் புங்கமரத்தடியில் என் இஸ்திரி வண்டி. எனக்கு ஆட்களோடு பேச வராது. துணி கொடுக்க வருகிறவர்கள் எத்தனை உருப்படி என்று சொல்வார்கள், நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான் வியாபாரம். மேடத்தின் வெள்ளைக் கோட்டை தினமும் நான்தான் தேய்த்துக் கொடுப்பேன். பெட்டியை வைப்பதற்கு முன்னால் பையைத் துழாவினால் துண்டுக் காகிதங்கள் வரும். 'மூக்குத்திப் பாட்டி, காலை மாத்திரை, சரி.' 'சிவப்புச் சட்டை, இருமல், சரி.' கடையை மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்து அதை எடுத்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வாராம். ஒருநாள் ஒரு துண்டில் 'இஸ்திரி அண்ணன் கரி அணைத்தாரா?' என்று இருந்தது. அதன் பக்கத்தில் மட்டும் 'சரி' என்று இல்லை. அன்றிலிருந்து சாயந்தரம் கரியில் தண்ணீர் ஊற்றியதும் மெடிக்கல் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து தலையாட்டுவார்.

இத்தனைக்கும் ஒருதடவைகூட மருந்து மாறியது கிடையாது. ஓடிப்போய்ப் பார்த்த எல்லாப் பையிலும் சரியான மருந்துதான் இருந்தது.

ஓடுவதற்கு முன்னால் அவர் முகம் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்திருக்கும். ஓடித் திரும்பும்போது அலசிப் பிழிந்த மாதிரி ஆகியிருக்கும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசுவார். மருந்து சரியாக இருந்ததால் வந்த நிம்மதி என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு சந்தேகம் இருந்தது. சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் என் வண்டிக்கு வந்து நின்றார். முகம் விறைத்திருந்தது.

"காலைலேருந்து ஒரு ஆளு வரலண்ணே. யாருக்கும் எதுவும் குடுக்கல. அப்பவும் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. யாரத் தேடி ஓடறது?"

நான் பதில் சொல்லக்கூடிய ஆள் இல்லை. ஆனால் அந்த நேரம் ஒரு காலர் லேசாகக் கருகிவிட்டது. அந்தப் பதட்டத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், மருந்து குடுக்காமலே ஓடிப் பாருங்களேன்."

அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார்.

"இந்தப் படபடப்புக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. டப்பால இருந்த தாள படிச்சேன். அதுல போட்டிருந்த அத்தன தொந்தரவும் மாத்திரய முழுங்கறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. அப்ப நடங்கன்னாரு. நடந்தா யோசன ஜாஸ்தியாவுது. ஓடினா..." என்று நிறுத்தி, "ஓடினா மூச்சு வாங்கறதுக்கே நேரம் சரியா இருக்குல்லண்ணே?" என்றார்.

மறுநாள் விடிந்ததும் சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாகத் தேவனாம்பட்டினம் ரோட்டில் இறங்கிவிட்டார்.

எங்கள் ஊரில் பெரிய மனுஷி ஒருத்தி ரோட்டில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. முதல் நாள் ஒரு பால்காரர் வண்டியை நிறுத்தி, கேனை இடம் மாற்றி, "ஏறுங்க, எங்க போவணும்?" என்றார். இரண்டாம் நாள் ஒரு ஆட்டோக்காரர் கூடவே உருட்டிக்கொண்டு வந்தார்.

"யாருக்கு என்னாச்சும்மா? ஜி.எச்.சுக்கா? ஏறு, காசு வேணாம்."

ஒன்றுமில்லை, சும்மா ஓடுகிறேன் என்று சொல்ல மேடத்துக்கு வாய் வரவில்லை. இவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றுவது எப்படி என்று யோசித்து, கடைசியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் சிக்னலையெல்லாம் தாண்டி ஜி.எச். வாசலில் இறக்கி, "தைரியமா இரு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்டோ மறைகிறவரை மேடம் வாசலில் கவலையோடு நின்றிருந்தார். பிறகு அங்கிருந்து வீடு வரை ஓடினார். வழியில் இரண்டு பேர் நிறுத்தி, "உள்ள என்னா சொன்னாங்க?" என்று கேட்டார்களாம்.

கூட ஒரு ஆள் இருந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று தோன்றி, என் வீட்டுக்காரியைக் கூப்பிட வந்தார்.

"நான் சோறு வடிக்கறதா, ஓடறதா? இந்த மனுஷன வேணா கூட்டினு போங்க. வாயே தொறக்காது, தொந்தரவு இருக்காது" என்றாள் அவள்.

அவர் முன்னால் ஓட, நான் பின்னால் சைக்கிளில் போவது என்று ஏற்பாடு. பத்தடி தள்ளி வரச் சொன்னார். சக்கரச் சத்தம் கேட்டால் மோதிவிடுவேனோ என்று பயமாம். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் பீச்சுக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் இறங்கி என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"யோவ், நில்லுய்யா. பொம்பள உசிரக் கையில புடிச்சினு ஓடுது, நீ பின்னாடியே போற. என்னா கத?"

"நான்... இஸ்திரி போடறவங்க" என்றேன்.

"இஸ்திரி போடறவன் பொம்பளயத் தொரத்துவானா? அது என்னா சட்டையா?"

அதற்குள் சக்கரச் சத்தம் கேட்காததைக் கவனித்து மேடம் திரும்பி ஓடிவந்தார். மூச்சு வாங்க, "அவர விடுங்க. நான்தான் தொரத்தச் சொன்னேன்" என்றார்.

"நீங்களேவா?"

"ஆமா. தெனம் காலைல."

நாலு பேரும் என்னை விட்டுவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிறகு என்னையும் பரிதாபமாகப் பார்த்தார்கள். விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "நாப்பத்தஞ்சு வயசுல எம் புருஷன பொம்பள பின்னால போனான்னு புடிச்சிட்டாங்க. எனக்கே பெருமையா இருக்குது" என்று என் வீட்டுக்காரி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொன்னாள்.

ஒரு மாதத்தில் ரோடு அவருக்குப் பழகிவிட்டது. கோட்டுப் பையில் காகிதங்கள் குறைந்தன. தினமும் பஸ்ஸைத் துரத்தியவர் வாரத்துக்கு ஒரு பஸ்ஸோடு நிறுத்திக்கொண்டார். சரியாகிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்தது. காலையில் ஒரு பெண் காய்ச்சலோடு கைக்குழந்தையைத் தூக்கிவந்து சிரப்பு வாங்கிப் போனார். அவர் போன அரை மணி நேரம் கழித்து மேடத்துக்கு ஆரம்பித்தது. பெரியவர்கள் சிரப்புக்கும் குழந்தைகள் சிரப்புக்கும் அட்டைப்பெட்டி ஒரே நிறம். எதைக் கொடுத்தோம்?

முதலாளி அலமாரியை எண்ணிப் பார்த்தார். "பில்லு சரியா இருக்குது, ஸ்டாக்கு சரியா இருக்குது. இன்னும் என்னாம்மா வேணும்?"

"காலைல ஸ்டாக்க எண்ணி எழுதினது நான்தான சார்? நானே தப்பா எண்ணியிருந்தா?"

முதலாளி மறுபடியும் எண்ண ஆரம்பித்தார். சிரப்பு வாங்கிப் போனவரின் பேரோ ஊரோ தெரியாது. அந்தப் பெண் குழந்தையிடம் 'பரங்கிப்பேட்டை பஸ் போயிடும்டா' என்று சொன்னது மட்டும் மேடத்துக்கு ஞாபகம் இருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் என் வண்டிக்கு வந்தார். "அண்ணே, அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இருக்க மாட்டேன்" என்றார். நான் கரியில் தண்ணீரை ஊற்றினேன்.

பரங்கிப்பேட்டையில் இறங்கியதும் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பள்ளிவாசல் ஆபீஸில் இருந்த பாய் மேடம் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மைக்கைப் போட்டார்.

"இன்னைக்குக் காலைல கடலூர்ல கைப்புள்ளைக்கு சிரப்பு வாங்கியாந்தவங்க, பாட்டில எடுத்துக்கிட்டு பள்ளிவாசலுக்கு வரவும். மருந்து குடுத்த அம்மாவே நேர்ல வந்திருக்காங்க. அதுவரைக்கும் புள்ளைக்குக் குடுக்க வேணாம்."

பத்து நிமிஷத்தில் ஊரே வந்துவிட்டது. மருந்தைச் சரிபார்க்கக் கடலூரிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? பிஸ்கட் டப்பாவில் போட்டு, முந்தானையில் முடிந்து, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பெரிய பாட்டிலோடு, ஒருவர் மாட்டு மருந்தோடு என்று வந்து நின்றார்கள். இல்லை என்று சொல்ல மேடத்தால் முடியவில்லை. திண்டாடிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் அஞ்சாவது வரை படித்தவன். இங்கிலீஷ் எழுத்து பிடிபடாது. அதனால் ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பது என் வேலை.

வரிசையில் வந்த ஒரு தாத்தாவிடம் இரண்டு அட்டைகள் இருந்தன. மேடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஐயா, ரெண்டும் ஒரே மருந்துங்க. பேருதான் வேற. ரெண்டையுமா சாப்பிடுறீங்க?"

"ரெண்டு டாக்டருமே நல்ல மனுஷங்கம்மா. ஒருத்தர் மருந்தச் சாப்பிட்டு ஒருத்தர் மருந்த விட்டா மனசு கஷ்டப்படுவாங்கள்ல?"

"தல சுத்துதா?"

"சுத்துது. வயசுன்னு நெனச்சேன்."

மேடம் ஒரு அட்டையைத் தனியாக மடித்து, இரண்டு சீட்டையும் மறுநாளே ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லி, பாயிடமும் அதைச் சொல்லி, தாத்தாவின் மருமகளிடமும் சொல்லி, எதுக்கும் எழுதியும் கொடுத்தார்.

கைக்குழந்தைக்காரப் பெண் கடைசியாகத்தான் வந்தார். பாட்டில் சரியாக இருந்தது. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. "இதுக்காகவா அங்கேர்ந்து வந்தீங்க? அல்ஹம்துலில்லாஹ், சாப்பிட்டுத்தான் போவணும்" என்று எங்களை இறால் குழம்போடு சாப்பிட வைத்தார். எனக்கு நல்ல பசி. மேடம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார்.

"சரியாத்தான இருந்துச்சு அண்ணே?"

"சரியாத்தான் இருந்துச்சு மேடம்."

"அப்புறம் ஏன் இது நிக்கல?" என்று கையை நீட்டிக் காட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "முன்னெல்லாம் பாத்துட்டா நின்னுடும். இப்ப பாத்தும் நிக்கல. பத்து வருஷமா ஒரு தப்பு நடக்கலன்னு முதலாளி பெருமையாச் சொல்றாரு. எனக்கு அதக் கேட்டாத்தான் பயமா இருக்கு. இன்னும் வரலன்னா, இனிமேதான வரும்? இந்த வேலைய விட்டாத்தான் நான் மனுஷியா இருப்பேன்."

விட்டால் வேறு என்ன செய்வது? அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். கப்பலில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர் போனில், "ஓடறது சரி, வேலைய எதுக்கு விடற?" என்று கேட்டாராம்.

அடுத்த வாரமே மேடம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். "உங்க வேலைல தப்பு நடந்தா என்னா ஆவும்?"

டீ மாஸ்டர், "சர்க்கர ஜாஸ்தியாவும். குடிக்கறவன் திட்டுவான், நானும் திட்டுவேன். அதோட போச்சு" என்றார். மேடம் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். பிறகு, "சுகர் இருக்கறவர் குடிச்சிட்டா?" என்றார். மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். அன்று முழுவதும் அவர் ஒவ்வொருவரிடமும் சுகர் இருக்கிறதா என்று கேட்டே டீ போட்டார்.

ஜெராக்ஸ் கடைக்காரர், "ஒரு தாளு வீணாவும், அவ்வளவுதான்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, ஒருவர் வீட்டுப் பத்திரத்தை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பியதையும், இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்பதையும் சொன்னார். மேடம் நோட்டில் அந்த வேலையையும் அடித்துவிட்டார்.

கடைசியில் என்னிடம் வந்தார்.

"காலரு கருகும் மேடம்."

"கருகினா? உசுரு போவாதில்ல?"

"போவாது. ஒருதடவ கல்யாண மாப்ள சட்ட கருகிடுச்சு. அன்னிக்குப் போன மாதிரிதான் இருந்துச்சு."

ஒருநாள் என் பெட்டியைப் பிடித்துப் பார்த்தார். இஸ்திரி போட வேண்டுமென்றால் பெட்டியைத் துணிமேல் வைக்க வேண்டும். அவர் வைக்கவே இல்லை. அரை அடி உயரத்தில் பிடித்துக்கொண்டு சூடு எப்படி என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கை வலித்ததும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

அவர் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது வாங்கிய பழைய கார் ஒன்று வாசலில் உறை போட்டு நின்றது. அது தானாக நகர்ந்துவிடுமோ என்று தினமும் ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பது மேடத்தின் வழக்கம். பேட்டரி செத்துவிடும், ஓட்டக் கற்றுக்கொள் என்று அவர் வற்புறுத்தவே, ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். முதல் நாள் பாடம் முடிந்ததும் நேராக என் வண்டிக்கு வந்தார். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"அண்ணே, அந்த வண்டில ரெண்டு பிரேக் இருக்குண்ணே!"

எனக்குப் புரியவில்லை.

"ஓட்டறவங்களுக்கு ஒண்ணு. பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கறவருக்கு ஒண்ணு. அவங்க தப்பு பண்ணா இவரு அழுத்திக்கலாம். மாத்திர கவுண்டரத் தாண்டிட்டா என் கையில ஒண்ணுமே இல்ல, ஓடத்தான் முடியும். இதுல தப்ப நிறுத்தறது காலுக்குக் கீழயே இருக்கு!"

நான் சாமி பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம்கூட அப்படி இருந்ததில்லை.

லைசென்ஸ் எடுத்து, சொல்லிக் கொடுப்பதற்கு வேண்டிய பேப்பரெல்லாம் சேர்வதற்குச் சில வருஷம் பிடித்தது. அதுவரை காலையில் ஓட்டம், பகலில் மெடிக்கல், ஞாயிற்றுக்கிழமை கார். சிதம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெண்ணே வேண்டும் என்று தேடினார்கள். மேடத்தின் அம்மா வீடும் அங்கேதான். கடைசி நாள் வெள்ளைக் கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போது எங்கள் பெண்ணையும் சிதம்பரத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைப் பார்க்கப் போவோம். அப்படித்தான் மேடத்தின் புதுக் கதைகள் எங்களுக்குக் கிடைத்தன. அங்கே காலையில் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று கோயிலைச் சுற்றி ஓடுவாராம். சிதம்பரத்தில் யாரும் லிஃப்ட் கொடுக்க வரவில்லை. வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள். பூக்கார அம்மா ஒருத்தர், "எத்தன சுத்து வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்க, மூச்சு வாங்கியதில் நாலு விரலைக் காட்டியிருக்கிறார். "பலிச்சுதா?" "பலிக்குது." அடுத்த வாரம் மாப்பிள்ளை அமையாத பெண்ணுக்காக ஒரு அம்மாவும், வீசா வராத மகனுக்காக இன்னொரு அம்மாவும் மடிசாரும் புடவையுமாகப் பின்னால் ஓடினார்கள்.

வேலையிலும் அவருக்கு நல்ல பேர்தான் முதலில். நடக்கப்போகிற விபத்தையெல்லாம் பல வருஷமாக மனதுக்குள் பார்த்தவர் இல்லையா? "அந்த ஆடு இப்ப திரும்பும் பாருங்க" என்பார், திரும்பும். "அந்தத் தாத்தா பாதி ரோட்டுல எதையோ மறந்துட்டேன்னு திரும்புவாரு. ஹாரன் அடிக்காதீங்க." தாத்தா நடுரோட்டில் நின்று, பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அசந்துபோனார்கள்.

ஆனால் டெஸ்டில் அவரிடம் கற்ற மூன்று பெண்கள் வரிசையாகத் தோற்றார்கள். மூன்று பேருக்கும் ஒரே குறைதான். ஓட்டத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. ஸ்கூல் நடத்துகிறவர் மேடத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மேடம், உங்ககிட்ட வர்றவங்க பிரேக்கு உங்க வேலைன்னு நெனச்சிக்கறாங்க. ஒருத்தருக்கும் கால் அங்க போவல. வண்டில உங்க பிரேக் ரப்பர்தான் தேஞ்சிருக்கு, அவங்களுது புதுசா இருக்கு. அடுத்த மாசமும் இப்பிடின்னா நான் வேற ஆளு பாக்கணும்."

இதை அவரே எங்களிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை. "இதுவும் போச்சுன்னா மறுபடியும் மெடிக்கல்தான்ணே. அங்க போனா நான் என்னா ஆவேன்னு உங்களுக்குத் தெரியும். அழுத்தக் கூடாதுன்னு நெனச்சிட்டுத்தான் ஏறுறேன். கால் கேக்க மாட்டேங்குது."

என் வீட்டுக்காரி பேத்தியை என் மடியில் போட்டாள். "எனக்கு சொல்லிக் குடுங்க. நான் டெஸ்டுக்குப் போறேன்."

"உனக்கெதுக்குடி? நம்மகிட்ட இருக்கறது இஸ்திரி வண்டி" என்றேன்.

"அதத்தான் பத்து வருஷமா நான் தள்ளிக்கினு வர்றேன். அதுக்கும் பிரேக்கு கெடயாது."

எட்டு ஞாயிற்றுக்கிழமை. ஏழு வாரமும் மேடம்தான் பிரேக் போட்டார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு காக்கா ரோட்டில் இறங்கினாலே அவர் கால் போய்விடும். என் வீட்டுக்காரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவாள்.

எட்டாவது வாரம், டெஸ்டுக்கு மூன்று நாள் இருந்தது. தெற்குவீதியில் திரும்பும்போது ஒரு தள்ளுவண்டிக்காரர் வாழைத்தாரோடு குறுக்கே வந்து, சரியாக நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். தூரம் இருந்தது. கார் மெதுவாகத்தான் போனது. ஆனாலும் போய்க்கொண்டே இருந்தது.

நான் மேடத்தின் காலைப் பார்த்தேன். பிரேக்குக்கு மேலே தூக்கியபடி நின்றது. அழுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தக் காலை எடுத்து சீட்டின்மேல் வைத்தார். இன்னொரு காலையும் எடுத்து மடக்கி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதுபோலச் சம்மணம் போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது. அந்தக் காரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். கத்தலாம் என்றால் வழக்கம்போல வாய் வரவில்லை.

வாழைத்தார் பெரிதாகிக்கொண்டே வந்தது. "நிறுத்துங்க" என்று மேடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி அவர் நிறுத்துவார் என்று ஒரு வினாடி காத்திருந்தாள். அப்புறம் இன்னொரு வினாடி. அதற்குப் பிறகு, "அட ராமா!" என்று சொல்லித் தானே காலை அழுத்தினாள். வண்டி குலுங்கி நின்றது. தள்ளுவண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்து, "நல்லா ஓட்டறீங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

"யாரு நிறுத்தினது?" என்றாள் என் வீட்டுக்காரி.

"நீங்கதான்."

"நானா?"

"நீங்களேதான்" என்று சொல்லி மேடம் மெதுவாகக் காலைக் கீழே இறக்கினார்.

மேலவீதியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மேடம் பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாங்கினார். கிளாஸ் அவர் கையில் கடகடவென்று ஆடியது. டீ விளிம்பைத் தாண்டிச் சிந்தியது.

"இன்னும் நிக்கலியா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் தன் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது எங்கண்ணே நிக்கப் போவுது? அது பாட்டுக்கு நடுங்கட்டும். நான் பாட்டுக்கு டீ குடிக்கறேன்."

குடித்தார். கொஞ்சம் மேலே சிந்தியதைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரியைப் பார்த்து, "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றார். அவள் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கார் கதவைத் திறந்து, "இந்த மனுஷன் வரலியா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

நான் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.